டெஸ்டருக்கு அளவெடுத்துச் செய்த பெட்டி: கொட்டாஞ்சேனைக் கடை அனுபவம்

டிவி, அம்ப்ளிஃபயர் திருத்துபவர்களுக்கு எல்சிஆர்-டி4 டெஸ்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ட்ரான்சிஸ்டரோ கெப்பாசிட்டரோ, சொக்கெட்டில் வைத்து பட்டனை அழுத்தினால் அது என்ன பொருள், எந்தக் கால் எது, அளவு எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். ஜெர்மனியில் மார்கஸ் ஃப்ரேயெக் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் வளர்த்தெடுத்த வேலை அது. உள்ளே மூளையாக இருப்பது ஒரு ஏடிமெகா328 சிப் மட்டுமே. அந்த விலைக்கு இவ்வளவு செய்யும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

ஆனால் அது வெறும் பலகையாகத்தான் கைக்கு வரும். 9 வோல்ட் பற்றரி ஒரு பக்கம் வயரில் தொங்கும். நான் வெள்ளவத்தை, தெஹிவளை என்று வீடு வீடாகப் போய் வேலை செய்பவன். குறடும் ஸ்க்ரூட்ரைவரும் கிடக்கும் பைக்குள் அதை அப்படியே போட மனம் வரவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்த்த ரெடிமேட் பெட்டிகள் ஒன்றில் பெரிது, இல்லாவிட்டால் சொக்கெட்டில் பொருளின் கால்களை இறுக்கிப் பிடிக்கும் நெம்புகோலுக்கு இடம் விடாதவை. அதனால்தான் கொட்டாஞ்சேனையில் 3டி பிரிண்ட் செய்யும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி பலகையை வாங்கி வேர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டே, "அண்ணா, இதை எந்தக் கையில பிடிப்பீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இடது கையில் பிடித்து வலது கையால் பொருளைச் செருகுவேன் என்றேன். நெம்புகோல் நிமிர்ந்து நிற்கும்போது விரலில் இடிக்காதபடி வலப்பக்கச் சுவரில் ஒரு வெட்டு விட்டார். திரையைச் சுற்றி விளிம்பைச் சற்று உயர்த்தியதால், கவிழ்த்து வைத்தாலும் கண்ணாடியில் கீறல் விழாது.

பிரிண்ட் செய்யும் பிளாஸ்டிக்கில் பிஎல்ஏ வகை வேண்டாம், பெட்ஜி வகை போடுவோம் என்றதும் அவர்தான். பிஎல்ஏ 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிற்கும் வாகனத்துக்குள் அதை நம்பி வைக்க முடியாது.

9 வோல்ட் பற்றரிக்குப் பதிலாக 18650 லித்தியம் செல் ஒன்று, அதற்குச் சார்ஜ் ஏற்ற டிபி4056 மொடியூல், செல்லின் வோல்ட்டேஜை 9 வோல்ட்டாக உயர்த்த எம்டி3608 மொடியூல். வயரிங் நானே செய்தேன். டெஸ்டர் தானாக அணைந்தாலும் எம்டி3608 சும்மா இருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லைக் குடிக்கும். அதனால் சுவிட்ச் கட்டாயம் அதற்கு முன்னால்தான் வர வேண்டும். டிபி4056 நன்றாகச் சூடேறும் என்பதால் அந்த இடத்துக்கு நேர் மேலே காற்றுத் துளைகள் கேட்டேன், வைத்துத் தந்தார்.

மூடியில் 'முதலில் டிஸ்சார்ஜ் செய்' என்று புடைப்பெழுத்தில் போடச் சொன்னேன். 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கும் பவர் சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரை பிடித்துவைத்திருக்கும். அதை இறக்காமல் சொக்கெட்டில் வைத்தால் சிப் அந்தக் கணமே செத்துவிடும். முதல் பிரிண்டில் எழுத்து சிறிதாக இருந்ததால் புள்ளிகள் பாதி காணாமல் போயிருந்தன. பெரிதாக்கி இரண்டாவது மூடி அடித்துத் தந்தார், மேலதிகக் காசு கேட்கவில்லை.

குறை இல்லாமலில்லை. பட்டன் துளை இறுக்கமாக வந்து, அழுத்தினால் மேலே எழவில்லை. அரம் போட்டுச் சரிசெய்தார். சொன்ன நாளைவிடத் தாமதம். வடிவமைப்புக் கோப்பைத் தர மறுத்ததுதான் எனக்குப் பெரிய மனக்குறை. காசு கொடுத்தது நான், மூடி உடைந்தால் வேறு இடத்தில் அடிக்க எனக்கு வழி வேண்டாமா? டெஸ்டரின் விலையைவிடப் பெட்டிக்குக் கூடுதலாகத்தான் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. மூடி ஸ்க்ரூக்களுக்குப் பித்தளை எம்3 திருகுமறைகள் பதித்திருக்கிறார். எத்தனை தடவை திறந்து மூடினாலும் பிளாஸ்டிக் தேயாது.

மேசையில் மட்டும் பாவிப்பவர்களுக்கு அக்ரிலிக் உறையே போதும். பையில் கொண்டு திரிபவர்கள் இப்படிச் செய்விக்கலாம். போகும்போது பலகையோடு செல், சுவிட்ச், சார்ஜ் மொடியூல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், பொருளைக் கையில் வைத்துத்தான் அவர் அளவெடுக்கிறார். சொக்கெட்டிலிருந்து கிளிப் வயர் போட்டுப் பாவித்தால் அதன் மூன்று முனைகளையும் ஒன்றாக இணைத்து மறுபடி கலிப்ரேட் செய்யுங்கள். இல்லாவிட்டால் வயரின் தடையும் ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் தடை) கணக்கில் சேர்ந்து, நல்ல கெப்பாசிட்டரையும் கெட்டதாகக் காட்டும்.