மட்டக்களப்பு வெயிலுக்கு ஏ.டி. கிறிஸ்டலா, எஸ்.சி. கிறிஸ்டலா?

வெப்பநிலை மாறினாலும் மீடிறன் நகராத 10 மெகாஹேர்ட்ஸ் ஒசிலேற்றர் (சீரான மின் அலையை உண்டாக்கும் சுற்று) கட்டுவதென்றால் எஸ்.சி. வெட்டுக் கிறிஸ்டல்தான் என்று பலரும் சொல்வார்கள். மட்டக்களப்பில் வைத்துப் பாவிக்க நான் ஏ.டி. வெட்டைத்தான் சொல்வேன்.

இந்தக் கிறிஸ்டல் ஒரு குவாட்ஸ் துண்டு; ஏ.டி., எஸ்.சி. என்பவை அதை அறுக்கும் இரண்டு விதங்கள். குவாட்ஸை எந்தக் கோணத்தில் அறுக்கிறோமோ அதைப் பொறுத்தே அதன் மீடிறன் சூட்டுக்கு அசையும். ஏ.டி. வெட்டின் கோணம் 35 பாகையும் கொஞ்சமும். அதன் மீடிறன் வெப்பநிலையோடு முப்படி வளைவாக மாறும். வளைவின் நடுப்புள்ளி 25க்கும் 30 பாகை செல்சியஸுக்கும் இடையில் விழும்; சரியாக அறுத்தால் அதைச் சுற்றி மீடிறன் மிகக் கொஞ்சமே நகரும். கல்லடியில் ஒரு அறைக்குள் மாரி இரவில் 23, கச்சான் வீசும் நண்பகலில் 35 என்று வைத்தால், எங்கள் வருடம் முழுக்க அந்தப் புள்ளியைச் சுற்றியே ஓடுகிறது. எஸ்.சி.யின் நடுப்புள்ளியோ 95 பாகைக்குக் கிட்ட. அறைச் சூட்டில் அதன் வளைவு செங்குத்தாகச் சரியும். ஆகவே வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கும் 80, 90 பாகைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்தே தீர வேண்டும்.

ஆனால் ஏதோ ஒரு ஏ.டி. போதாது. கடையில் கிடைப்பதில் பல, மைனஸ் 40 முதல் 85 பாகை வரை சமாளிக்க அறுக்கப்பட்டவை. இரு அந்தத்திலும் பிழையைக் குறைப்பதற்காக நடுவில் ஒரு சரிவை வேண்டுமென்றே விடுவார்கள். 27 பாகையிலிருந்து 35க்கு ஏறினால் அது சுமார் 20 ஹேர்ட்ஸ் இறங்கிவிடும். நடுப்புள்ளியில் சரிவே இல்லாமல் அறுத்த கிறிஸ்டலில் அதே ஏற்றத்துக்கு அரை ஹேர்ட்ஸ்தான். இரண்டுக்கும் கோண வித்தியாசம் ஒரு பாகையின் அறுபதில் மூன்று பங்கு! அறுபதில் ஒரு பங்கு பிசகினாலே 7 ஹேர்ட்ஸ் வரும். எனவே ஓடர் கொடுக்கும்போது 20 முதல் 40 பாகை வரைக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஒசிலேற்றரைத் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். 60 பாகையில் நல்ல ஏ.டி.யும் 35 ஹேர்ட்ஸுக்கு மேல் ஓடிவிடும்.

எஸ்.சி.க்கு உரிய மதிப்பும் உண்டு. திடீர்ச் சூட்டு மாற்றமும் உள் அழுத்தமும் அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் அதன் மீடிறனுக்கு 9, 10 சதவீதம் மேலே இன்னொரு அதிர்வு காத்திருக்கும். அதை அடக்கச் சுற்றில் தனி ஏற்பாடு வேண்டும். சூட்டுப்பெட்டி ஏறும்போது சில வாட் கேட்கும், கரண்ட் போய் வந்தால் மறுபடி சூடேறச் சில நிமிடங்களும் போகும். சோலாரிலும் பற்றரியிலும் ஓடும் கருவிக்கு அது கட்டாது. விடாமல் மின்சாரம் கிடைக்கும் ஆய்வுகூட மேசையில், ஹேர்ட்ஸின் நூறில் ஒரு பங்கைத் தேடுபவர் எஸ்.சி.யையே வாங்கட்டும்.

கைக்கடிகாரத்தின் 32.768 கிலோஹேர்ட்ஸ் கவை வடிவக் கிறிஸ்டல் இந்தப் போட்டிக்கே வராது. 25 பாகையிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் அது பின்தங்கத்தான் செய்யும்.