டாக்டர் செட்: நோயாளிப் பிள்ளையின் அக்கா, அண்ணனுக்கு உதவுமா?

தஞ்சை, கும்பகோணம் கடைத்தெருவிலும் வேளாங்கண்ணித் திருவிழாக் கடைகளிலும் தொங்கும் பிளாஸ்டிக் டாக்டர் செட்டைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கும் வீட்டில், நோயில்லாத இன்னொரு பிள்ளைக்கு அது பயன்படுமா? வாங்கியபடியே கொடுத்தால் பத்துக்கு மூன்று. கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் எட்டு.

பெட்டியில் ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர், கத்தரி, மூக்குக்கண்ணாடி, ஓர் ஊசி. ஒரு ஊசி போட்டால் நோய் போய்விடும் என்பதுதான் அது சொல்லும் கதை. சாதாரணக் காய்ச்சலுக்கு அது போதும். ஆனால் பிள்ளைகளிடம் அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2 முதல் 3 ஆண்டு சிகிச்சை நீளும். தம்பி ஏன் மறுபடி மறுபடி சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறான் என்பது அப்பாயி வீட்டில் விடப்பட்ட அக்காவுக்கு இந்தப் பெட்டியால் புரியாது.

எனவே மெடிக்கலில் 5 மில்லி சிரிஞ்சு (ஊசியைக் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்), டிரிப் செட், பிளாஸ்திரி, மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து ஏற்றக் கையில் பொருத்தும் வென்ஃப்ளான் வேண்டாம், உள்ளே ஊசி இருக்கிறது. டிரிப் குழாயின் கூரான முனையை வெட்டி எறிந்துவிட்டு, அரையடி நறுக்கிப் பொம்மையின் கையில் ஒட்டினால் போதும். வார்டில் பயன்படுத்தியது எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பிளாஸ்டிக் பொம்மையைவிடத் துணிப் பொம்மை நல்லது. கம்பளி நூலில் முடி செய்து, வெல்க்ரோவில் ஒட்டுங்கள். முடி கொட்டுவதையும் பிறகு முளைப்பதையும் கழற்றி மாட்டியே காட்டலாம்.

நிறங்களில்தான் பலரும் தவறுகிறார்கள். கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும்) மருந்துகளில் சில சிவப்பாகவே இருக்கும். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவக்கும். அதைப் பார்த்த பிள்ளை ரத்தம் போகிறது என்று நடுங்கும். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள், இதையும் ஏற்றுவார்கள்) வெளிர்மஞ்சள். மூன்று கிண்ணத்தில் கலர் தண்ணீர் கரைத்து, எது ரத்தம், எது மருந்து, எது பிளேட்லெட் என்று சொல்லிவிட்டு விளையாடவிடுங்கள்.

15 நிமிடம் போதும். டாக்டர் வேலை பிள்ளைக்கு, பொம்மையைப் பிடித்துக்கொள்வது பெரியவருக்கு. பொம்மையைப் பத்துத் தடவை குத்தினாலும், செத்துப்போச்சு என்றாலும் தடுக்க வேண்டாம். "எதனால பாப்பாவுக்கு இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஏழெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும். தம்பியை அடித்ததாலோ "நீ நாசமாப் போ" என்று திட்டியதாலோ வந்தது என நினைக்கும். வீட்டில் யாராவது கண்ணு பட்டுடுச்சு என்று புலம்பியிருந்தால் அது இன்னும் உறுதிப்படும். உன்னால் வரவில்லை, தொட்டால் ஒட்டாது என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

இந்தச் சிகிச்சையில் முதுகிலும் ஊசி போடுவார்கள்; அதைக் காட்டும்போது "தூங்க வைப்பாங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். இறந்தவரைத் தூங்கிட்டாரு என்று சொல்லும் வீடுகளில் பிள்ளை ராத்திரி கண் மூடவே பயப்படும். வலி தெரியாமலிருக்க மருந்து, முடிந்ததும் எழுப்புவார்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் நாட்களில் தம்பிக்கு வரும் கோபத்தை எந்தப் பொம்மையாலும் காட்ட முடியாது. அதைப் பேசித்தான் புரியவைக்க வேண்டும்.

3 வயதுக்குக் கீழ் கொடுக்க வேண்டாம், சின்னப் பாகங்கள் தொண்டைக்குள் போகும். தம்பி வீடு திரும்பும் முன் பொம்மையைச் சோப்பில் துவைத்து வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் சாமான்களையும் கழுவிவிடுங்கள். அக்காவுக்குச் சளி, காய்ச்சல் என்றால் சேர்ந்து விளையாட விடாதீர்கள். அம்மைக் கொப்புளம் தெரிந்தாலோ, பள்ளியில் அம்மை என்று கேள்விப்பட்டாலோ, அன்றே தம்பியின் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.