பழைய அலுமினியப் போட்டா, பழைய பைபர் போட்டா? மட்டக்களப்பு வாவிக்கு எதைத் திருத்தலாம்

வாழைச்சேனைப் பக்கம் விடுதிக்காரர் ஒருவர் விற்க வைத்திருக்கும் 14 அடி அலுமினியப் போட். கல்முனையில் கரையேற்றிக் கிடக்கும் 18 அடிப் பழைய பைபர் போட். கொக்கட்டிச்சோலையில் ஒரு மரத்தோணி. மூன்றிலும் இஞ்சின் இல்லை, மூன்றிலும் வேலை இருக்கிறது. என் தங்கச்சியின் மகன் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தான். மனம் முதலாவதில்தான் விழுந்திருக்கிறது என்பது அவன் பேசத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. "அலுமினியம் கறள் பிடிக்காதுதானே மாமா? தேய்ச்சு பெயின்ற் அடிச்சாக் காணும்தானே?"

அவன் மீன்பிடித் தொழில் செய்பவன் அல்ல. விடுமுறை நாளில் வாவியில் தூண்டில் போட வேண்டும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அதற்கு முன் சில மாதங்கள் தன் கையாலேயே ஒரு பழைய போட்டுக்கு உயிர் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி ஆசை எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதனால்தான் அவனிடம் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசினேன்.

அலுமினியம் கறள் பிடிக்காது, உண்மை. காற்றுப் பட்டதும் அதன் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று தானாகவே உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது. நன்னீரில் அந்தக் காவல் பல பத்தாண்டுகள் நிற்கும். உப்புநீரில் இருக்கும் குளோரைட்டு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். உடைந்த இடத்தில் ஊசிமுனைக் குழியாகத் தொடங்கி உலோகம் அரிபடும். வெளியே வெள்ளைப் பொடி மட்டும் தெரியும், உள்ளே குழி ஆழமாகிக்கொண்டே போகும். இரும்பு அழிவது ஊருக்கே தெரியும்படி செந்நிறத்தில் நடக்கும். அலுமினியம் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

யூடியூப்பில் அவன் பார்த்த திருத்தல் வீடியோக்கள் எல்லாம் பெரும்பாலும் வட அமெரிக்க ஏரிகளைச் சேர்ந்தவை. அங்கே இந்த வகைப் போட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. போர் விமானம் செய்துவந்த கிரம்மன் கம்பனியின் அதிகாரி ஒருவர், 1944இல் மலைக்காட்டில் கனமான ஓடம் ஒன்றைச் சுமந்து களைத்துப்போய், விமானத் தகட்டிலேயே ஓடம் செய்தால் என்ன என்று யோசித்தார். அடுத்த ஆண்டே அலுமினிய ஓடங்கள் விற்பனைக்கு வந்தன. அந்தக் காலத்து ஓடங்கள் சில இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவை வாழ்ந்தது நன்னீரில். நம்முடைய வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர். மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டுப்பட்டு ஓடும்போது தண்ணீரில் உப்புக் குறையும், கச்சான் காற்று அடித்து வாவி வற்றும் மாதங்களில் உப்புக் கூடும். அந்த வீடியோக்களில் எழுபது வருடம் தாங்கிய தகடு இங்கேயும் அப்படியே தாங்கும் என்று எண்ணிப் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

உப்பை விடவும் பெரிய எதிரி, உப்புநீரில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு உலோகம். செம்பு, பித்தளை, ஈயம் எதுவானாலும் ஈரத்தோடு தொட்டால் கரைவது அலுமினியம்தான். வாவியில் தொழில் செய்பவர் ஒருவர் இந்தப் போட்டைக் கேட்டிருந்தால் நான் உடனே வேண்டாம் என்றிருப்பேன். ஈரவலையை ஈயக்குண்டுகளோடு அடித்தளத்தில் போட்டுவைப்பது அவருக்குத் தவிர்க்க முடியாத பழக்கம். பலகைக்கு அடியில் உருண்டுபோன ஒரே ஒரு ஈயக்குண்டு, அல்லது விழுந்த செம்புக் காசு, காலப்போக்கில் அந்த இடத்திலேயே துளை போடும். தூண்டில்காரனுக்குப் பெட்டி ஒன்று போதும், ஈயத்தை அதற்குள் பூட்டி வைத்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைக்கூட நைலோன் வளையம் வைத்தே முடுக்க வேண்டும். பைபர் போட்டின் அடிக்குப் பாசி பிடிக்காமல் பூசும் செம்புக் கலவைப் பெயின்றை அலுமினியத்தில் தொடவே கூடாது.

போட்டை எப்போதும் தண்ணீரில் கட்டிவைப்பதானால், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் உலோகத் துண்டுகளை அடியில் பூட்ட வேண்டும். கடலுக்கு நாகம் (துத்தநாகம்), நன்னீருக்கு மக்னீசியம். நம்முடையதைப் போன்ற உவர்நீருக்கு அலுமினியக் கலவைத் துண்டுதான் பொருந்தும். நாகம் மாரித் தண்ணீரில் வேலை செய்யாமல் சும்மா கிடக்கும், மக்னீசியம் கோடைத் தண்ணீரில் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கரையேற்றி, கிணற்றுத் தண்ணீரால் கழுவி வைத்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி இல்லை. தகடுகளை ரிவெட் ஆணியால் பிணைத்த 14 அடிப் போட் பெரும்பாலும் 100 கிலோ அளவுதான் வரும், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சேற்றுக்கு மேலால் இழுக்கலாம். கல்முனைப் பைபர் போட்டை அப்படி நினைக்க முடியாது.

பைபரின் பக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்கு உப்பு ஒரு பொருட்டே அல்ல. ஈயம், செம்பு எதைப் போட்டாலும் கவலை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நமது கரையோர ஊர்களில் பைபர் ஒட்டத் தெரிந்தவர் கிடைக்காத ஊர் குறைவு. கண்ணாடியிழைப் பாயும் அதை ஒட்டும் ரெசினும் வாங்கலாம், யாரிடமாவது கேட்டுப் படிக்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்து குவிந்த போட்களில் பெரும்பாலானவை பைபர்தான், கைப்பழக்கமும் அவற்றோடு வளர்ந்தது. அந்தக் காலத்துப் போட்களின் தரம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. சிலவற்றில் தடிப்பாக ஒட்டினார்கள், சிலவற்றில் மெல்லிய ஓடு. இப்போது பழைய போட் என்று விலைக்கு வருவனவற்றில் அவையும் கலந்திருக்கின்றன.

பைபரின் நோய் உள்ளே இருக்கும். இஞ்சின் பூட்டும் பின்பலகை, பிளைவூட்டின் இரு பக்கமும் பைபர் ஒட்டிச் செய்தது. ஆணித் துளையால் தண்ணீர் நுழைந்தால் பலகை உக்கிப்போகும், வெளிப்பக்கம் பளபளப்பாகவே இருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப்பார்த்தால் நல்ல இடம் டணார் என்று கேட்கும், உக்கிய இடம் பொத்தென்று கேட்கும். உக்கியிருந்தால் பைபர் தோலை வெட்டி, பலகையைத் தோண்டி எடுத்து, புதியது வைத்து மறுபடி பாய் பாயாக ஒட்ட வேண்டும். அரைக்கும்போது பறக்கும் தூள் உடம்பெல்லாம் அரிக்கும். முகமூடி இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது, நுரையீரலுக்குக் கேடு. சித்திரை வெயிலில் ரெசினுக்குக் கட்டியாக்கியை வழக்கம்போல் ஊற்றினால் தூரிகையை எடுக்குமுன் கிண்ணத்திலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். இங்கே 1 வீதத்தை ஒட்டியே கலக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், அதிகாலையில் ஒட்டி முடிக்க வேண்டும்.

அலுமினியப் போட்டிலும் பின்பலகை உக்கும், ஆனால் அதை மாற்றுவது எளிது. ஆணிகளைக் கழற்றி, பழைய பலகையை அச்சாக வைத்துப் புதியதை வெட்டி, எப்பொக்சியால் எல்லா விளிம்பையும் மூடிப் பூட்டினால் வேலை முடிந்தது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கறையான் அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய மரத்தை வைத்தால், அதில் இருக்கும் செம்பே தகட்டைத் தின்றுவிடும். பழைய போட்டில் பலகையைக் கழற்றியதும் அதன் பின்னால் இருக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். ஈரப்பலகை வருடக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது, குழி விழுந்திருந்தால் முதலில் அங்கேதான் விழுந்திருக்கும்.

இனி ரிவெட்டுக்கு வருவோம். அலுமினியப் போட் திருத்துபவனின் பொறுமை முழுவதும் கரைவது இங்கேதான், நான் இந்த வேலையை விரும்புவதும் இதற்காகத்தான். இந்தப் போட்டில் தகடுகளைப் பிணைத்திருப்பது வெல்டிங் அல்ல, நூற்றுக்கணக்கான ரிவெட்டுகள். அலையில் அடிபட்டு அடிபட்டுச் சில தளர்ந்திருக்கும், போட்டின் முதுகெலும்பான ஏராவை ஒட்டிய வரிசைகளில் முக்கியமாக. ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் போட்டை வலுவான தாங்கிகளில் ஏற்றி உள்ளே தண்ணீர் விட வேண்டும், பிறகு கீழே படுத்துக் கசியும் ரிவெட்டுகளை மார்க்கரால் வட்டமிட வேண்டும். நிறைய விடக் கூடாது. இந்த அளவுப் போட்டில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு விட்டாலே 300, 400 கிலோ ஏறிவிடும், தாங்கி சரியில்லாவிட்டால் தகடு நெளியும்.

தளர்ந்த ரிவெட்டை மறுபடி இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு பக்கம் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபக்கம் அடிக்க வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் பழையதைத் துளைத்தெடுத்து, ஓர் அளவு பெரிய கெட்டி அலுமினிய ரிவெட்டைச் சீலன்டில் தோய்த்து அடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண பொப் ரிவெட் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வேண்டாம். அது நடுவே துளை உள்ளது, அதற்குள் மிஞ்சும் இரும்புத் தண்டு கறள் பிடிக்கும். மருமகனுக்கு உதவியாளாக அவனுடைய மகனே இருக்கிறான், இரும்புக் கட்டியைப் பிடிக்கும் வயது.

தகட்டில் துளையே விழுந்திருந்தால்? சந்திக்குச் சந்தி வெல்டிங் கடை உண்டு, ஆனால் அவை இரும்புக்கானவை. அலுமினியத்துக்கு ஆகன் வாயு, அதற்குரிய இயந்திரம், அதில் பழகிய கை மூன்றும் வேண்டும். 660 பாகை செல்சியசில் உருகும் உலோகம், அதன் மேல் 2000 பாகைக்கு மேல் உருகும் ஒட்சைட்டுப் படலம். சிவந்து காட்டி எச்சரிக்காமலே திடீரென்று உருகி ஓட்டையாகும். ஒன்றரை மில்லிமீற்றர் பழைய தகட்டில், உப்பும் எண்ணெயும் ஊறிய பிறகு, தேர்ந்த வெல்டருக்கே அது கடினம். அதே இனக் கடல்சார் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, சீலன்ட் வைத்து ரிவெட் அடிப்பதுதான் நாம் வீட்டில் செய்யக்கூடியது. ஒன்றிரண்டு துண்டுக்கு மேல் தேவைப்படும் போட்டை நான் தொட மாட்டேன்.

பெயின்றைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. உள்ளே அடிக்கத் தேவையே இல்லை. வெளியே அடிப்பதானால் தேய்த்த அன்றே அலுமினியத்துக்குரிய பிரைமரை அடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் படலம் மறுபடி வந்து பெயின்ற் உரியும். மிகப் பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதனால் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

மரத்தோணி அழகு. வாவிக்கென்றே பிறந்த வடிவம், கம்பு ஊன்றிப் போகும்போது சத்தமே இராது. அலுமினியத்தில் ஒரு போத்தல் உருண்டாலே மீன் கலைந்துவிடும், மதிய வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும். ஆனால் தோணிக்குக் கலப்பற்று வேலை, அதாவது பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை, தெரிந்த கைகள் குறைந்துவிட்டன, நல்ல மரமும் எளிதில் கிடைப்பதில்லை. இஞ்சின் பூட்டிப் பிள்ளைகளை ஏற்றும் எண்ணத்தோடு அதை வாங்கக் கூடாது.

கடலுக்குப் போவதானால் பேச்சு வேறு. நமது கரை திறந்த மணற்கரை, அலையில் ஏறி இறங்கித்தான் போட்டைத் தள்ள வேண்டும். மெல்லிய ரிவெட் தகடு ஒவ்வொரு அடியிலும் தளரும், காற்று அதன் முன்பக்கத்து அணியத்தைத் தூக்கும். அங்கே கனமே பலம், கல்முனைப் பைபர்தான் சரி. அம்பாறைப் பக்கத்துக் குளங்களுக்கு என்றால் அலுமினியத்தை யோசிக்காமல் எடுக்கலாம். தண்ணீர் நன்னீர், அடியில் மரக்கட்டை இடித்தாலும் தகடு நெளியுமே தவிரப் பிளக்காது. சேனாநாயக்க சமுத்திரத்தில் மட்டும் நினைத்தபடி சொந்தப் போட்டை இறக்கலாம் என்று எண்ண வேண்டாம், 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயாத் தேசியப் பூங்காவின் நடுவில் இருப்பது அது. எங்கே இறக்கினாலும், மீன்பிடிக்கப் பயன்படுத்துவதானால் போட்டை மீன்பிடித் திணைக்களத்தில் பதிய வேண்டும். வாங்குமுன் பழைய உரிமையாளரின் கடதாசியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இஞ்சின் வாங்குமுன் பின்பலகையின் உயரத்தை அளக்கச் சொன்னேன். 15 அங்குலமும் 20 அங்குலமும்தான் வழக்கமான அளவுகள், இஞ்சின் தண்டு அதற்குப் பொருந்த வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாக, 1972 நவம்பருக்குப் பிந்தியதாக இருந்தால் எத்தனை பேர், எத்தனை குதிரைவலு என்று எழுதிய சிறு தகடு உள்ளே அடித்திருக்கும். அதைத் தாண்டி ஒரு குதிரைவலுவும் ஏற்றக் கூடாது.

விலை பேசும்போது அலுமினியத்துக்கு ஒரு பலம் உண்டு. எவ்வளவு கெட்டாலும் பழைய உலோகக்காரர் நிறுத்து எடுப்பார், அந்த நிறைவிலைக்குக் கீழே அது போகாது. உக்கிய பைபரை யாரும் எடுக்க மாட்டார்கள், உருக்கவும் முடியாது, வளவில்தான் கிடக்கும். எனவே வாவிக்கு, வலை இல்லாமல், ஒவ்வொரு முறையும் கரையேற்றிக் கழுவும் ஒருவனுக்கு நான் வாழைச்சேனை அலுமினியத்தையே சொல்கிறேன், ஒரு சோதனையில் தேறினால். உச்சி வெயிலில் போட்டைக் கவிழ்த்து, அடியில் புகுந்து, விளிம்புகளைச் சாக்கால் மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். குழி துளையான இடமெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ரிவெட் வரிசையில் நாலைந்து புள்ளி என்றால் வாங்கலாம், தகட்டின் நடுவில் சிதறித் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். அடியில் அண்மையில்தான் தடிப்பாகப் பெயின்ற் அடித்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது, அப்போது திருப்புளியால் குத்திப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் கல்முனைக்குப் போய், பின்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பைபருக்கு விலை பேசச் சொல்லியிருக்கிறேன்.