கோண்டாவில் மில்லில் எங்கள் வீட்டுத் தூளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது

கோண்டாவிலில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற அரைக்கும் மில்லைப் பற்றி எழுதுகிறேன். பெயர்ப்பலகையில் எழுத்து மங்கிவிட்டது, ஆனால் காலையில் போனால் மல்லி வறுபடுகிற வாசமே வழி காட்டும். கடந்த ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டுக் கறித்தூள் அங்கேதான் வறுத்துத் திரிக்கப்படுகிறது. முதலே சொல்லிவிடுகிறேன், யாழ்ப்பாணத்தில் தூளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்திலும் எஞ்சின் வைத்து ஓடிய மில் அது. சின்ன வயதில் அம்மாவோடு சைக்கிளில் போய், வாசலில் வரிசையாக இருக்கிற பைகளோடு எங்கள் பையையும் வைத்துவிட்டு வருவோம். பிறகு கடைகளில் பைக்கற் தூள் வந்தது, பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், பெரிய வீடுகளில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மில்லுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. மில்லை நடத்துகிற அக்கா அந்த நேரத்தில் வாசலில் ஒரு போட்டோக்கொப்பி மெஷின் போட்டார், போன் ரீலோட் போட்டார், குளிர்பானப் பெட்டியும் வைத்தார். ஒன்றும் சரிவரவில்லை. அந்த ஒழுங்கைக்குள் போட்டோக்கொப்பி எடுக்க யார் வருவார்கள்? அந்த மெஷின் இன்றைக்கும் நிற்கிறது, மேலே சீலை விரித்து, திரித்த தூள் பைகளை அதில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

2022 இல்தான் மாற்றம் வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, மில் சும்மா கிடந்தது. பெற்றோலும் இல்லை. அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய வாடிக்கையாளர்களின் வீடுவீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "ஏன் இப்ப தூள் திரிக்க வாறதில்லை?" பைக்கற் மலிவு, வசதி என்று சொல்லுவார்கள் என்றுதான் நினைத்தாராம். கிடைத்த பதில் வேறு. "ஆர் பிள்ளை அடுப்படியில நிண்டு வறுக்கிறது? எனக்கு மிளகாய்ப் புகை ஒத்துவருதில்லை." முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொன்னார்களாம். திரிக்கிறதில் யாருக்கும் குறை இல்லை. அதற்கு முன்னால் இருக்கிற கழுவுவது, காயவைப்பது, வறுப்பதுதான் முடியாமல் போயிருக்கிறது.

என் அம்மாவுக்கும் இதேதான். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) வந்த பிறகு வறுக்க ஏலாமல் போய், இரண்டு வருடம் பைக்கற் தூளில்தான் சமைத்தோம். மீன் குழம்பு நிறமாக இருக்கும், வாயில் வைத்தால் எங்கள் வீட்டுக் குழம்பு இல்லை. அம்மா ஒன்றும் சொல்லமாட்டா, சோற்றைக் குறைத்துக்கொள்ளுவா.

சரி, இப்போது அங்கே என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். சரக்கை நாங்கள் கொண்டுபோகலாம், அவர்களிடமே வாங்கலாம். பின்னுக்கு ஒரு கொட்டில் போட்டு, இரண்டு பெண்கள் விறகடுப்பில் வறுக்கிறார்கள். மல்லி தனியாக, செத்தல் மிளகாய் தனியாக, வெந்தயம் கடைசியில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பதில்லை, அதனால்தான் ஒன்று கருகி இன்னொன்று பச்சையாக நிற்பதில்லை. தூளுக்கு ஒரு மெஷின், மாவுக்கு வேறு மெஷின். முதல் ஆளின் தூள் அடுத்தவரின் தூளோடு சேராமல் இடையில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டி எடுக்கிறார்கள். மெஷினில் இருந்து வருகிற தூள் கை வைக்க முடியாத சூடாக இருக்கும், அதைத் தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் பையில் போடுகிறார்கள்.

ஆனால் என்னை உண்மையாகவே அசத்தியது ஒரு சீஆர் கொப்பி, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி. வீட்டுக்கு ஒரு பக்கம். "ரீச்சர் வீடு – மிளகு கூட, வெந்தயம் குறைய." "கிணத்தடி வீடு – உறைப்புக் காணாது, செத்தல் கால் கிலோ கூட." முதல் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா கதிரை போட்டு இருத்தி, பேனையைத் திறந்துகொண்டு கேட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னா: செத்தல் ஒரு கிலோ, மல்லி முக்கால் கிலோ, மிளகு நூறு கிராம், பெருஞ்சீரகம் நூறு, நற்சீரகம் ஐம்பது, வெந்தயம் ஐம்பது, மஞ்சள் இரண்டு துண்டு, கறிவேப்பிலை ஒரு பிடி. முப்பது வருடம் அந்தச் சமையலைச் சாப்பிட்டிருக்கிறேன், அந்த அளவை நான் ஒரு நாளும் கேட்டு எழுதியதில்லை. இப்போது ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சி போன் எடுத்து "எங்கட வீட்டுத் தூள்" என்று சொன்னால் போதும், போகிறவர்களிடம் கொடுத்துவிட அரைக் கிலோப் பைகளாகக் காற்றெடுத்து ஒட்டி, வறுத்த திகதியும் எழுதித் தருகிறார்கள். சூட்கேசில் மணமும் கசியவில்லை.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை போகவேண்டாம், வெயிலில் நிற்கவேண்டும், இருக்க ஒரு வாங்குதான். மெஷின் ஓடும்போது போன் கேட்காது, மூன்று நான்கு தரம் எடுக்கவேண்டும். ஒருமுறை ஆறமுதல் கட்டிவிட்டார்கள் போல, தூள் கட்டிபட்டுப் போனது, கொண்டுபோய்க் காட்டினேன், கேள்வி கேட்காமல் புதிதாகத் திரித்துத் தந்தார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வெளிநாட்டுக்காரர் வந்து நிற்கிற அந்த 25 நாளும், ஒரு கிழமை முன்னாலேயே சொல்லிவைக்கவேண்டும். வறுத்துத் திரிக்கிற கூலி வெறும் திரிக்கிற கூலியைப் போல இரண்டரை மடங்கு. எனக்கு அது நியாயமான காசு, அந்தப் புகையில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. மூன்று வருடமாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போன வருடம் காசு கட்டி இரண்டு நாள் வியாபாரப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனேன். தையல்காரி, கோழி வளர்ப்பவர், கணினி திருத்துகிறவர் எல்லோருக்கும் அங்கே ஒரே புத்திமதி: பேஸ்புக் பக்கம் திற, லோகோ மாற்று, விலைக்கழிவு போடு. எல்லாம் செய்தேன். லைக் வந்தது, துணி வரவில்லை. எங்கள் கடைக்கு யார் வந்தார்கள், ஏன் வராமல் நின்றார்கள் என்று அந்த இரண்டு நாளில் ஒருவரும் கேட்கவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "பழைய கொப்பியை எடும், நிண்டு போன ஆக்களிட்டப் போய்க் கேளும்" என்றார்.

போன மாதம் அளவுக் கொப்பியை எடுத்துக்கொண்டு 14 வீடுகளுக்குப் போனேன். ஒன்பது வீட்டில் ஏறக்குறைய ஒரே கதை: சட்டை எல்லாம் இப்போது ரெடிமேட், ஆனால் அது உடம்புக்கு நிற்கவில்லை. தோள் இறக்க, இடுப்புப் பிடிக்க, சிப் மாற்ற ஆள் இல்லை, சின்ன வேலை என்று தையல் கடைகளில் எடுப்பதும் இல்லை. நானும் எடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது செவ்வாயும் வியாழனும் காலையில் திருத்த வேலை மட்டும்தான், அன்றைக்கே முடித்துக் கொடுக்கிறேன். மூன்று கிழமை ஆகிறது, வியாழனில் மத்தியானச் சாப்பாடு பிந்துகிறது.

மில்லுக்குப் போகிறவர்கள் கிழமை நாளில் ஒன்பது மணிக்கு முன்னம் போங்கள். வீட்டில் அளவு தெரிந்த அம்மாவோ அம்மம்மாவோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், ஓட்டோ வாசல் மட்டும் போகும்.