ப்ரீஆம்ப்பின் எக்ஸ்எல்ஆரா, தனி டிஐ பாக்ஸா?

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். வைத்திருப்பது டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ. கிட்டார் சிக்னலுக்கு வலுவும் டோனும் சேர்க்கும் ப்ரீஆம்ப் அது; சிக்னலை மிக்ஸர் ஏற்கும்படி மாற்றித் தரும் டிஐயும் அதற்குள்ளேயே இருக்கிறது. 1992-லிருந்து மேடைகளில் புழங்கும் பெட்டி, இப்போது வருவது இரண்டாம் பதிப்பு. ஒரு இன்புட், மூன்று அவுட்புட். டோன் சேர்ந்த சிக்னல் கால் இஞ்ச் ஜாக்கிலும் எக்ஸ்எல்ஆரிலும் (மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் இணைப்பு) வரும். கிட்டாரிலிருந்து வந்தது வந்தபடி வெளியேற 'பேரலல் அவுட்' என்று இன்னொரு கால் இஞ்ச் ஜாக். மற்ற கம்பெனிகளின் பேஸ் ப்ரீஆம்ப்களும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

மிக்ஸருக்கு சிக்னல் கொடுக்க இரண்டு வழி. ப்ரீஆம்ப்பின் எக்ஸ்எல்ஆரை நேராக ஸ்டேஜ் பாக்ஸில் (மிக்ஸருக்குப் போகும் கேபிள்களின் மேடை முனை) செருகலாம். இல்லை, கால் இஞ்ச் அவுட்டை ஒரு பேஸிவ் (பவர் தேவைப்படாத) டிஐ பாக்ஸுக்குள் விட்டு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் எடுக்கலாம். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் இரண்டாவதில் நின்றுவிட்டேன். "உள்ளேயே டிஐ இருக்கும்போது இன்னொரு பெட்டி எதற்கு, அண்ணே?" என்று கீபோர்டு தம்பி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

முதல் வழியின் வசதியை நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒரு பெட்டி, ஒரு கேபிள் மிச்சம். மிக்ஸர் ஏற்பதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைக்க ஸ்விட்ச் இருக்கிறது. சத்தத்தின் தரத்திலும் குறை சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் எது எது என்று என்னால் சொல்ல முடியுமா என்பதே சந்தேகம்.

என் முடிவுக்குக் காரணம் ஹம். அதிலும் மண்டபங்களில் வரும் ஹம்.

மேடையில் என் ஆம்ப் ஒரு பிளக்கில் ஓடும். மிக்ஸர் அரங்கின் பின்பக்கம் வேறொரு லைனில், சில சமயம் ஜெனரேட்டரில் ஓடும். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும். ஆம்ப்பின் எர்த், கேபிளின் ஷீல்டு, ப்ரீஆம்ப், எக்ஸ்எல்ஆரின் முதல் பின், மிக்ஸரின் எர்த் என்று ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. அதில் ஓடும் கரண்ட்தான் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கேட்கிறது. டிம்மரில் ஓடும் மேடை விளக்குகளும் சேர்ந்துவிட்டால் அந்த 'ம்ம்ம்' 'ஸ்ர்ர்ர்' ஆகிவிடும்.

மற்ற வாத்தியக்காரர்களைவிட பேஸ் வாசிக்கிற நமக்கு இதில் கஷ்டம் அதிகம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம் 50-இலும் அதன் மடங்கான 100-இலும் உட்காரும். பேஸில் ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட், அதாவது ஜி சுரம், 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98. சவுண்ட் என்ஜினியர் ஹம்மை ஈக்யூவில் வெட்டினால் பேஸின் அடிவயிறும் சேர்ந்து போகிறது. கீபோர்டுக்கோ வயலினுக்கோ அந்த இடத்தை வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அங்கேதான் பிழைப்பு.

அதற்குத்தானே கிரவுண்ட் லிஃப்ட் என்று கேட்கலாம். அந்த ஸ்விட்ச் முதல் பின்னின் தொடர்பைத் துண்டிக்கும், பல இடங்களில் ஹம்மும் அடங்கிவிடும். ஆனால் நிறையப் பேர் அடாப்டரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம் என்று ப்ரீஆம்ப்பை மிக்ஸரின் 48 வோல்ட் பேண்டம் பவரில் (எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாகவே மிக்ஸர் அனுப்பும் பவர்) ஓட்டுகிறார்கள். சான்ஸ்ஆம்ப் அதில் ஓடும். பேண்டம் பவர் இரண்டாவது, மூன்றாவது பின்களில் வந்து முதல் பின் வழியாகத் திரும்பிப் போகிறது. முதல் பின்னைத் துண்டித்தால் ஹம்மோடு சேர்ந்து ப்ரீஆம்ப்பும் செத்துவிடும். பேண்டமில் ஓட்டினால் லிஃப்ட் கிடையாது, லிஃப்ட் வேண்டுமென்றால் வேறு பவர் வேண்டும். அந்தப் பவருக்காக மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரிலிருந்து கிளை எடுத்தால் அந்தக் கிளை வழியாகவே இன்னொரு வளையம் உருவாகலாம்.

பேஸிவ் டிஐ பாக்ஸுக்குள் இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இந்தப் பக்கச் சுருளுக்கும் அந்தப் பக்கச் சுருளுக்கும் கம்பித் தொடர்பே இல்லை. சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டுகிறது, எர்த் தாண்டுவதில்லை. லிஃப்டைத் தட்டினால் பிரிவு முழுமையாகிவிடும். பெட்டிக்குப் பவரே தேவையில்லாததால் எதுவும் சாகாது. மிக்ஸரில் யாராவது பேண்டமை மறந்து போட்டுவிட்டாலும், கேபிள் சரியாக இருக்கும்வரை, இரண்டு பின்னிலும் ஒரே வோல்டேஜ் நிற்பதால் சுருள் வழியாகக் கரண்ட் ஓடாது.

பேஸிவ் டிஐ டிரெபிளைத் தின்றுவிடும் என்று ஒரு புகார் உண்டு. பேஸிவ் பிக்கப் உள்ள கிட்டாரை நேராக அதில் செருகினால் அது உண்மைதான். ரேடியல் ஜேடிஐ போன்ற நல்ல பெட்டியின் இன்புட் இம்பீடன்ஸ்கூட (சிக்னலுக்கு அது காட்டும் தடை) 140 கிலோஓம்தான். பிக்கப் எதிர்பார்ப்பது ஒரு மெகாஓம் அல்லது அதற்கு மேல். ஆனால் நடுவில் ப்ரீஆம்ப் இருந்தால் அந்தப் பாரத்தை அதுவே சுமந்துகொள்ளும். டிஐயில் சிக்னல் ஏறக்குறைய 20 டெசிபல் குறையும், ப்ரீஆம்ப்பின் வலுவான அவுட்புட்டுக்கு அதுவும் பொருட்டல்ல. ப்ரீஆம்ப்பும் பேஸிவ் டிஐயும் மாமியார் மருமகள் இல்லை, நல்ல சம்பந்திகள்.

ஒன்று கவனிக்க வேண்டும். மலிவான டிஐகளில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருக்கும். ஐந்து கம்பி பேஸின் கீழ் பி, 31 ஹெர்ட்ஸ், வலுவாக வந்தால் அது நிறைவுற்றுப்போய்ச் சத்தம் மழுங்கும். ப்ரீஆம்ப்பின் கால் இஞ்ச் அவுட்டில் அளவைக் கூட்டும் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடாதீர்கள். டிஐயில் பேட் (அளவைக் குறைக்கும் ஸ்விட்ச்) இருந்தால் போடுங்கள். இந்த வழிக்கு மாறுகிறவர்கள் காசைக் கொட்ட வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபார்மர்தான்.

ஆம்ப்புக்கு நான் பேரலல் அவுட்டிலிருந்து தருகிறேன். மேடையில் ஆம்ப் தன் டோனில் ஒலிக்கும், அரங்குக்கு சான்ஸ்ஆம்ப்பின் டோன் போகும். ஆம்ப்பிலும் அதே டோன் வேண்டுமென்றால் டிஐக்கு வந்த சிக்னலை அப்படியே வெளியே தரும் 'த்ரூ' ஜாக்கிலிருந்து ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (ஆம்ப்பின் சொந்த ப்ரீஆம்ப்பைத் தாண்டி நுழையும் இன்புட்) செருகலாம். முன் இன்புட்டில் செருகினால் ஒரு ப்ரீஆம்ப்பின் மேல் இன்னொரு ப்ரீஆம்ப் ஏறி, மிட் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். எந்த வழியானாலும் கேபிள் செருகும் முன் மிக்ஸரில் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், ஹம் போகவில்லை என்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிற வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உலோகக் கம்பியில் கை, மைக்கில் உதடு, இரண்டுக்கும் நடுவே நீங்கள்.

ஸ்டுடியோவுக்கு இதே சிபாரிசைச் செய்யத் தயங்குவேன். அங்கே எனக்கு அனுபவம் குறைவு, எல்லாம் ஒரே லைனில் ஓடுகிற அறையில் ப்ரீஆம்ப்பின் எக்ஸ்எல்ஆரே போதும் என்றுதான் படுகிறது. ரேடியல் ஜே48 போன்ற, பவரில் ஓடும் ஆக்டிவ் டிஐகளையும் நான் அவ்வளவாகப் புழங்கியதில்லை. ப்ரீஆம்ப்பே இல்லாமல் பேஸிவ் கிட்டாரை நேராகக் கொடுப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம். சர்ச்சிலோ ஹாலிலோ நிரந்தரமாக ஒரே இடத்தில் வாசிப்பவர், அங்கே வயரிங் ஒழுங்காக இருந்தால், டிஐ வாங்கும் காசில் நல்ல கேபிள் வாங்கிக்கொள்ளலாம். வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு மண்டபம் என்று அலைபவர்களுக்குத்தான் இந்தக் கூடுதல் பெட்டி.