குன்னூரில் பொங்கும் சோடா: நீளக் குழாயா, விலை கூடிய டேப்பா?

வீட்டில் கெக் (பானத்தை வாயு அழுத்தத்தில் வைத்து, டேப் வழியாக ஊற்றும் எஃகுக் கலன்) வைத்திருக்கிறேன் என்றால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பீர் இல்லைங்க. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டம் பாயும். என்னுடையது இஞ்சி எலுமிச்சை சோடா. பிளம்ஸ் காலத்தில் பிளம்ஸ் சோடா. வீட்டில் பீர் காய்ச்சுகிற வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்கும் அந்த 19 லிட்டர் எஃகு கெக்கே முதலில் குளிர்பானத்துக்காகச் செய்யப்பட்டதுதான். நுரைத் தொல்லையும் இரண்டுக்கும் ஒன்றே. சோடாவில் வாயு கூடுதல் என்பதால் தொல்லையும் கூடுதல்.

போன மே மாதம் திருப்பூரிலிருந்து மச்சான் வந்திருந்தார். டேப்பைத் திறந்தேன், தம்ளரில் முக்கால்வாசி நுரை. “என்ன மாப்ள, சோப்புத் தண்ணியா?” என்றார். பீர் நுரைபோல இது நிற்காது, அடங்கிவிடும். ஆனால் அடங்குவதற்குள் வாயுவெல்லாம் போய், மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர்.

காசு செலவழிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். முதல் தம்ளர் மட்டும் பொங்கி, அடுத்தது ஒழுங்காக வந்தால் டேப் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் குழாயில் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் கெக்கின் உள்குழாய் மேலே உள்ள ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். அது சில்லறைச் செலவு. எல்லாத் தம்ளரும் பொங்கினால்தான் கீழே சொல்லும் வைத்தியமெல்லாம்.

செலவே இல்லாத வழி, அழுத்தத்தைக் குறைப்பது. ரெகுலேட்டரை (கெக்குக்குப் போகும் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மூடி, கெக்கில் மேலே இருக்கும் வாயுவை வெளியேற்றி, 5 பி.எஸ்.ஐ-க்கு (பி.எஸ்.ஐ என்பது அழுத்தத்தின் அளவு) இறக்கி ஊற்றினால் அன்றைக்கு அழகாக வரும். விருந்தாளி வந்த ஒரு நாளுக்குச் சரி. அப்படியே நாலு நாள் விட்டால், கரைந்திருக்கும் வாயு அந்தக் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி பிரிந்து வெளியே வரும். குழாயில் நிற்கும் சோடாவிலேயே குமிழி கட்டும். முதல் தம்ளர் முன்பைவிட மோசமாகப் பொங்கும், கெக்கில் இருப்பதோ சப்பென்று ஆகிவிடும். நான் இப்படித்தான் ஒரு கெக் பிளம்ஸ் சோடாவை ஜூஸாக்கிக் குடித்தேன்.

அடுத்தது நீளக் குழாய். நான் கட்சி கட்டுவது இதற்குத்தான், காரணம் மலை. பர்லியார் தாண்டும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ இருக்கும் காற்றழுத்தம் இங்கே 12-க்கும் சற்றுக் குறைவு. ரெகுலேட்டர் முள் காட்டுவதோ வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். அதனால் சமவெளிக்காரர் 4 டிகிரி குளிரில் 20 பி.எஸ்.ஐ வைத்துப் பெறும் விறுவிறுப்புக்கு நாம் 23 வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் அதேதான், வெளியே தாங்கிப் பிடிக்கும் காற்றுதான் 3 குறைவு. யாரோ சமவெளியில் எழுதிவைத்த அளவில் குழாய் வெட்டினால் இங்கே பொங்காமல் என்ன செய்யும்?

குழாயின் வேலை அந்த வேகத்தை வழியிலேயே உரசிக் குறைப்பது. 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் அடிக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ வரை தின்னும் என்பது ஏட்டுக் கணக்கு. அதன்படி எட்டுப் பத்து அடி போதும். எனக்குப் போதவில்லை. 20 அடி போட்ட பிறகுதான் அடங்கியது. நீளம் கூடிப்போனால் மெதுவாக ஊற்றும், அவ்வளவுதான், வெட்டிக்கொள்ளலாம். கொஞ்சமாகக் குறைத்து வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. குறை என்றால், 20 அடிக்குள் 120 மில்லி சோடா எப்போதும் நிற்கும், குழாயை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். சுருட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். வெளியே தொங்கினால் அதுவே சூடாகி நுரைக்கும்.

மூன்றாவது, பக்கவாட்டில் சின்னக் கைப்பிடி வைத்த, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேப். விலை குழாயைப்போலப் பல மடங்கு. ஒரே டேப்பில் இன்று சோடா, நாளை வாயு குறைந்த வேறு பானம் என்று மாற்றுகிறவர்களுக்கு நல்ல பொருள்தான். எனக்கு ஒத்துவரவில்லை. எவ்வளவு வடிகட்டினாலும் பிளம்ஸ் சதை அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரொம்ப இறுக்கினால் இடுக்கில் பீறிட்டு அதுவே நுரையைக் கிளப்பும். சுத்தமான எலுமிச்சை சோடா மட்டும் போடுகிறவர் என்றால் வாங்கலாம்.

டேப்பைக் குளிரவைக்கும் விசிறி, காப்புறை சமாச்சாரம் கோயம்புத்தூர் வெயிலுக்கு அவசியம். இங்கே ஜனவரியில் சமையலறையே ஃப்ரிட்ஜ் மாதிரி. சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் மட்டும் நான் டேப்பின்மேல் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிவிடுகிறேன்.

அப்புறம், அவசரத்துக்கு 40 பி.எஸ்.ஐ வைத்துக் குலுக்கி வாயு ஏற்றிய கெக்காக இருந்தால் இவை எதுவும் உடனே உதவாது. கேஸைக் கழற்றிவிட்டு, மேல்வால்வை இழுத்துக் காற்றை விட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி இழுத்து, இப்படி ஒரு நாள் பொறுத்தால் வழிக்கு வரும். மச்சான் வந்த அன்று நான் செய்திருந்த தப்பில் பாதி இதுதான். மீதிப் பாதி 6 அடிக் குழாய்.