ஸ்டீம் டெக்குக்கு வாங்கிய டாக்: பதினாறு மாதங்களுக்குப் பிறகு

போன வாரம் என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கேட்டார். "அத்தான், உங்கள் வீட்டில் இருக்கிற அதே டாக் இப்போது 2,799 ரூபாய்க்கு வந்திருக்கிறது. வாங்கிவிடலாமா?" ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை டிவியோடு இணைக்கும் அந்தத் தாங்கியை நான் 4,300 ரூபாய் கொடுத்து வாங்கியவன். யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். "நான் வந்தபோதெல்லாம் நன்றாகத்தானே வேலை செய்தது?" என்றார். உண்மைதான். அவர் வந்திருந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது ஒழுங்காக நடந்துகொண்டது. மற்ற நாட்களில் நடந்ததை அவருக்குத் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2023 நவம்பரில் வெளிவந்த ஓஎல்இடி திரை கொண்ட ஸ்டீம் டெக். இந்தியாவில் நேரடியாக விற்கப்படாத கருவி என்பதால் அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கருவியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 7.4 அங்குலத் திரையில் இரவு படுத்துக்கொண்டே விளையாடுவது தனிச் சுகம். ஆனால் மகளும் நானும் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் டிவி வேண்டும். அதற்காகத்தான் டாக் வாங்கினேன். கருவியைத் தயாரிக்கும் நிறுவனமே 2022 அக்டோபரில் ஒரு டாக்கை 89 டாலருக்கு வெளியிட்டது. உறவினரின் பெட்டியில் அதற்கும் இடம் கேட்க மனம் வரவில்லை. எனவே இங்கேயே இணையத்தில் கிடைத்த வேறொரு நிறுவனத்தின் டாக்கை வாங்கினேன்.

டாக்கின் வேலை என்ன? கருவியின் மேல்பக்கத்தில் இருக்கும் டைப்-சி துளையில் ஒரே ஒரு ஒயரைச் செருகுகிறோம். அந்த ஒயர் வழியாகவே டிவிக்குப் படம் போகிறது, கருவிக்கு மின்சாரம் வருகிறது, விசைப்பலகை, பென்டிரைவ், இணைய ஒயர் எல்லாம் சேர்கின்றன. பிறகு நாம் நாற்காலியில் போய் உட்கார்ந்து புளூடூத் கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்தினால், தூங்கிக்கொண்டிருக்கும் கருவி எழுந்து டிவியில் படம் காட்ட வேண்டும். ஓஎல்இடி மாடல் கன்ட்ரோலரைத் தொட்டதும் எழுந்துவிடும். அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

படம்தான் வராது. கருவி எழுந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக அதன் சின்னத் திரை மூன்று மீட்டர் தூரத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதன் பின்னால் 43 அங்குல டிவி "சிக்னல் இல்லை" என்று எழுதிக்கொண்டு இருட்டாக நிற்கும். நான் எழுந்துபோய் ஒயரை உருவி, மூன்று வரை எண்ணி, மறுபடி செருக வேண்டும். சில நாட்களில் ஒருமுறை போதும். சில நாட்களில் மூன்று முறை. வாரத்தில் மூன்று நான்கு நாட்களாவது இது நடக்கிறது, பதினாறு மாதங்களாக.

இதை ஒரு சின்னத் தொல்லை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேலை முடித்து வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு உட்காரும் மனிதனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தின் வாசலில் தினமும் இது குறுக்கே நிற்கிறது. எழுந்து போகாமல் இருப்பதற்காகவே வாங்கிய பொருள் என்னை எழுந்து வரச் சொல்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

அவசரப்பட்டு டாக்கின் மேல் பழி போடவில்லை. முதலில் எச்டிஎம்ஐ ஒயரை மாற்றினேன், பயனில்லை. கருவியுடன் வந்த 45 வாட் சார்ஜருக்குப் பதிலாக 65 வாட் சார்ஜரைப் போட்டுப் பார்த்தேன். டிவியில் வேறு துளையில் செருகினேன். அலுவலகத்து மானிட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து அதில் இணைத்தேன், அங்கும் அதே கதை. கடைசியில் நண்பர் ஒருவரிடமிருந்து கருவி நிறுவனத்தின் சொந்த டாக்கை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். அதே டிவி, அதே ஒயர், அதே சார்ஜர், அதே கருவி. ஏழு நாளும் கன்ட்ரோலரைத் தொட்டதும் படம் வந்தது. ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு மின்சாரம் போய் வீடு இன்வெர்ட்டருக்கு மாறியது. கருவிக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் விளையாட்டு நிற்கவில்லை. டிவி திரும்பி வந்ததும் படமும் தானாகவே வந்து சேர்ந்தது. என் டாக்கில் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை. மின்சாரம் ஒரு நொடி போனாலும் நான் எழுந்தாக வேண்டும். அந்த வாரம் முடிந்து நண்பரிடம் அவருடைய டாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

காரணம் எதுவென்று நான் கவனித்துக் கண்டுபிடித்தது இவ்வளவுதான். டிவியை முதலில் போட்டு, அது முழுதாக விழித்த பிறகு கருவியை எழுப்பினால் பத்துக்கு ஏழு முறை படம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றாக எழுந்தால்தான் தகராறு. எந்த டிவியும் தன்னால் எந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும் என்ற விவரத்தை ஈடிஐடி என்ற சிறு அட்டவணையாக வைத்திருக்கும். படம் அனுப்புகிறவர் முதலில் அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். என் டிவி விழிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. இந்த டாக் ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் அத்தோடு ஓய்ந்துவிடுகிறது என்றே தோன்றுகிறது. ஒயரை உருவிச் செருகும்போது முதலிலிருந்து கேட்கிறது, அப்போது டிவி விழித்திருப்பதால் பதில் கிடைக்கிறது. என் ஊகம் சரியென்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தாலே போதும்.

அதைத்தான் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதிலில், "படம் வராதபோது ஒயரைக் கழற்றி மீண்டும் இணைக்கவும்" என்று இருந்தது. டாக்கின் உள்மென்பொருளுக்குப் புதிய பதிப்பு உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் அதை விண்டோஸ் கணினியில்தான் ஏற்ற முடியும் என்றார்கள். ஸ்டீம் டெக்கில் ஓடுவது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். ஸ்டீம் டெக்குக்கென்றே பெட்டியில் அச்சடித்து விற்கும் பொருளுக்கு அந்தக் கருவியிலிருந்தே புதிய பதிப்பை ஏற்ற வழி செய்யாதது எனக்குப் பெரிய குற்றமாகவே படுகிறது. அலுவலகக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். மாற்றமில்லை.

நடந்ததிலேயே மோசமானது மார்ச் மாதத்தில். ஸ்டீம் டெக்கில் மேசைக் கணினி போலப் பயன்படுத்தும் வசதியும் உண்டு. விசைப்பலகையும் மவுஸும் டாக்கில் செருகிவிட்டால் டிவியே கணினித் திரையாகிவிடும். மகள் கல்லூரித் திட்ட அறிக்கையை அப்படித்தான் தயார் செய்தாள். இரவு பதினொன்றரைக்குக் கோப்புகளைப் பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். டிவி சற்று நேரம் அணைந்து மறுபடி வந்தபோது படம் இல்லை. "அப்பா, திரும்பவும் போய்விட்டது" என்றாள். நான் வழக்கம்போல் போய் ஒயரை உருவினேன். படத்துக்கும் பென்டிரைவுக்கும் அதே ஒயர்தான் என்பது உருவிய பிறகே உறைத்தது. கோப்பு மாற்றி முடிந்ததாகத் திரையில் காட்டினாலும், லினக்ஸ் அதைச் சற்று நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகுதான் பென்டிரைவில் எழுதும். பாதியில் உருவியதால் அறிக்கை திறக்கவே இல்லை. மூலப் பிரதி கருவியிலேயே இருந்ததால் பிழைத்தோம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும்வரை இருந்த இருபது நிமிடமும் மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த டாக்கில் நல்லது ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இணைய ஒயர் செருகும் துளை அருமை. எங்கள் வீட்டில் ரூட்டர் இரண்டு சுவர் தாண்டி முன்னறையில் இருக்கிறது. வைஃபையில் 90 ஜிபி விளையாட்டு ஒன்று இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒயர் இழுத்துக் கொடுத்த பிறகு அதே 200 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகிறது, அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது, ஒருமுறைகூட நடுவில் அறுந்ததில்லை. அடிப்பாகம் கனமாக இருக்கிறது. 640 கிராம் கருவியைச் செருகினாலும் சாயாது. ஸ்டீம் டெக் பின்பக்கம் காற்றை இழுத்து மேல்பக்கம் வெளியே விடுவது, அந்த இரண்டு வழியையும் இதன் தாங்கி மறைக்கவில்லை. தாங்கியில் ரப்பர் ஒட்டியிருப்பதால் கருவியில் ஒரு கீறலும் இல்லை. விளம்பரத்தில் சொன்ன 4கே 60 ஹெர்ட்ஸும் உண்மையிலேயே வருகிறது. சார்ஜ் ஏறுவதிலும் குறை இல்லை. வேறொருவர் இந்த விவரங்களை மட்டும் கேட்டால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்துவிடுவார்.

நான் கொடுக்க மாட்டேன். அதற்கு இன்னொரு காரணமும் சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தெரியவந்தது. டாக்குடன் நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும் அந்த ஒயர், கருவியில் செருகும் முனைக்குச் சற்றுக் கீழே உறை கிழிந்து உள்ளே வெள்ளிப் பின்னல் தெரிய ஆரம்பித்தது. வேலையாகச் சென்னை போனபோது அதையும் எடுத்துப்போனேன். கடைக்காரர் வயதானவர், பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்த்தார். "என்ன சார், தினமும் இழுக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். டைப்-சி முனையில் 24 தொடுமுனைகள், உள்ளே முடி போன்ற கம்பிகள், ஒன்று அறுந்தாலும் ஒட்டுவது கடினம் என்றார். இந்த டாக்கில் ஒயர் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் தனியாக மாற்றவும் முடியாதாம். சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு இறுக்கிக் கொடுத்து 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். "இனிமேல் இதை இழுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இது போனால் டாக்கே போனது மாதிரி" என்றார்.

திருச்சிக்குத் திரும்பும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தினமும் உருவிச் செருகினால்தான் இந்த டாக் வேலை செய்கிறது. உருவிச் செருகினால் இது செத்துவிடும். ஒயரையாவது தனியாகக் கழற்றி மாற்றும்படி வைத்திருந்தால் 300 ரூபாயோடு போயிருக்கும்.

ஆகவே தம்பிக்கு என் பதில் மாறவில்லை. 2,799க்கும் வேண்டாம், அதைவிடக் குறைந்தாலும் வேண்டாம். வேறு நிறுவனத்தின் டாக் வாங்குவதானால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாகப் பார்த்து வாங்கட்டும். வந்த அன்று இரவு கருவியை டாக்கிலேயே தூங்கவிட்டு, டிவியையும் அணைத்துவிட வேண்டும். காலையில் இரண்டையும் ஒன்றாக எழுப்பிப் பார்க்க வேண்டும். பிறகு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருக்கும் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இதை மூன்று நாள் செய்து, மூன்று நாளும் ஒயரைத் தொடாமல் படம் வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் தவறினாலும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும். நான் வாங்கிய கடை பத்து நாள் கெடு கொடுத்திருந்தது. என் வீட்டில் இந்தத் தொல்லை ஐந்தாம் நாளே தலைகாட்டியது, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்து அந்தப் பத்து நாளையும் கடத்திவிட்டேன்.